கோழி அடங்கும் வரை

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று அத்தா அறுத்த கோழி எழுந்து ஓடியது.

தினமும் ஒரு பக்கம் எழுதும்படி தமிழம்மா எங்கள் ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் சொல்லியிருக்கிறார். “அழகா எழுத வேணாம், பார்த்ததை எழுதுங்க” என்றார். முதல் பக்கத்தில் வாய்க்கால் கரையில் நிற்கும் தென்னைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நான்கு வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் பார்த்தது இதைத்தான்.

அத்தா என்றால் அப்பா. அவர் எங்கள் பள்ளிவாசலின் மோதினார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வதும், பள்ளிவாசலைக் கூட்டி, பாய் விரித்து, விளக்குப் போடுவதும் அவர் வேலை. அதோடு தெருக் கோழிகளை அறுத்துக் கொடுப்பதும் அவர்தான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கோழி உண்டு. அடை வைப்பது, குஞ்சைக் காக்கைக்குக் கொடுக்காமல் காப்பது, கஞ்சி வைப்பது எல்லாம் பெண்கள். அறுப்பது மட்டும் ஆண்கள். பாதி வீட்டு ஆண்கள் மலைக்கு மேலே கேரளத்தில் ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிறார்கள். அதனால் பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள். “மோதினார் இருக்காங்களா?” கோழியைக் கொடுத்ததும் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள். சத்தம் நின்ற பிறகு, திரும்பாமலே பையைப் பின்பக்கம் நீட்டுவார்கள்.

இன்று வந்தது மெஹராஜ் அக்காவின் சிவப்புக் கோழி. அத்தா அறுத்துத் தரையில் விட்டார். துடிக்க வேண்டிய கோழி எழுந்து நின்றது. கழுத்தில் இன்னொரு வாய் திறந்தது போல இருந்தது. அந்த வாயோடு வேலி வரை ஓடியது. அத்தா துரத்திப் போய், செருப்பு வழுக்கி, முழங்காலில் விழுந்து பிடித்தார். நான் அருகில்தான் நின்றேன். கழுத்து ஓட்டை வழியாகக் கோழி மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் சிவப்பாக ஒரு குமிழி வந்து உடைந்தது.

நான் வாந்தி எடுத்தேன்.

“கத்தி மொன்ன” என்றார் அத்தா.

“பொம்பளப் புள்ள, இதெல்லாம் ஏன் பாக்குற? உள்ள போ” என்றார் அம்மா.

செப்டம்பர் 2, திங்கள்

கண்ணை மூடினால் அந்தக் குமிழி.

செப்டம்பர் 5, வியாழன்

பள்ளிக்கூட நூலகத்தில் கோழி வளர்ப்புக் கையேடு ஒன்று கிடைத்தது. என்னைத் தவிர யாரும் எடுத்ததில்லை என்று பின்னட்டையில் உள்ள வெற்றுச் சீட்டு சொல்கிறது. கடைசி அத்தியாயம், ‘வதையின்றி அறுத்தல்’. அதிலிருந்து குறித்துக்கொண்டவை: காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வரக் கூடாது, கோழிக்கு நெஞ்சு அடைக்கும். முந்தின நாளிலிருந்து இரை வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். துணியால் உடலைச் சுற்றினால் கோழி அமைதியாகிவிடும். கத்தி காகிதத்தைச் சத்தமில்லாமல் வெட்ட வேண்டும்.

உயிரியல் சுதா மிஸ்ஸிடம் கோழிக் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பலகையில் வரைந்து காட்டினார். மூச்சுக்குழல், உணவுக்குழல், இருபுறமும் இரத்தக்குழாய்கள். “எதுக்கும்மா?” என்றார். “சும்மா மிஸ்” என்றேன். படத்தை இங்கே ஒட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மதரஸாவில் எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் அஜரத்திடம் இன்று கோழி அறுப்பதன் சட்டங்களைக் கேட்டேன். அவர் சொன்னதும் கையேட்டில் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்! கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். கோழி பார்க்கத் தீட்டக் கூடாது. ஒன்றின் எதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது. இறைவன் பேரைச் சொல்லி ஒரே ஓட்டத்தில் குழாய்கள் அறுபட வேண்டும். அடங்கும் வரை இறகில் கை வைக்கக் கூடாது. அரைகுறையாக அறுபட்டுத் தண்ணீரில் விழுந்து செத்தால் அதைத் தின்ன ஆகாது, ஏனென்றால் அது கத்தியால் செத்ததா தண்ணீரால் செத்ததா என்பது யாருக்கும் தெரியாது.

“பொம்பளைங்க அறுக்கலாமா அஜரத்?”

“தாராளமா அறுக்கலாம். சட்டத்துல தடையே கிடையாது.” பிறகு சிரித்தார். “ஆனா இந்த ஊருல எந்தப் பொம்பள அறுத்திருக்கா, சொல்லு?”

பின்னால் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். என்ன வேடிக்கை என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் கத்தி கோழிக்கூட்டுக்கு நேர் எதிரே ஆணியில் தொங்குகிறது. அம்மாவின் ஒன்பது கோழிகளும் எந்நேரமும் அதைப் பார்த்துக்கொண்டே இரை பொறுக்குகின்றன. அறுக்கிற கல்லின் இடுக்கில் காய்ந்த இரத்தம், அதன் மேல் எறும்பு. ஐந்து வயதிலிருந்து அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் பல் துலக்குகிறேன். இனி அங்கே துலக்க மாட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

அத்தா சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை. மோர்ச்சாதம் விரலிடுக்கில் வழிந்து, தாடியில் ஒட்டி, மடியில் விழுகிறது. துடைத்துக்கொள்வதும் இல்லை. தலையணையில் எச்சில் கறை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை அத்தரும் சலவைச் சட்டையுமாக எவ்வளவு சுத்தமாக இருப்பார்! இப்போது சோம்பேறித்தனம். காலைக்கூடத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். என் முன்னேற்ற அறிக்கையில் போட்ட கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. வகுப்பாசிரியர், “நீயே போட்டுட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

இன்று அம்மா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் போடுவது போல. எனக்குக் கூசியது. வெளியே போய்விட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

பாங்குச் சத்தம் கடைத்தெரு வரை வரவில்லை என்று ஜமாத் தலைவரிடம் யாரோ சொன்னார்களாம். புது மைக் வந்து மாட்டினார்கள். பழைய மைக் நன்றாகத்தான் இருந்தது என்று மாட்டிய ஆள் சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மாவு மில்லு வீட்டு அக்கா ஒரு சேவல் கொண்டு வந்தார். இந்த முறை கத்தி மொன்னை இல்லை. நேற்று நானே சாணைக்கல்லில் அரை மணி நேரம் தீட்டி, நோட்டுத் தாளில் வெட்டிப் பார்த்து வைத்திருந்தேன். ஆணியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிச் சமையலறைக்குள் வைத்துவிட்டேன்.

அப்படியும் கத்தி கழுத்தில் இறங்காமல் தாடையில் இறங்கியது. அலகு பிளந்தது. இரண்டாவது இழுப்பு ஒருபக்கம் மட்டும் போனது. நான் எண்ணினேன். தொண்ணூற்று நான்கு வரை எண்ணிய பிறகுதான் சேவல் அடங்கியது. கையேட்டில் அரை நிமிடத்துக்குள் நினைவு போய்விட வேண்டும் என்று இருக்கிறது.

“அத்தா, நீங்க கவனமே இல்லாம அறுக்குறீங்க. பாவம் அது. அசிங்கமா இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

அத்தா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தார். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? இது யாரு வீடு?”

“பள்ளிவாசல் வீடு.”

“மோதினாருக்குக் குடுத்த வீடு. அவரு மோதினாரா இருக்குற வரைக்கும்தான் நமக்கு. தெருவுல நிக்கிற பொம்பள காதுல விழுகுற மாதிரியா கத்துவ?”

நான் கத்தவே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 19, வியாழன்

காலாண்டுத் தேர்வு. கணக்கு சுமார். தமிழில் ‘நான் விரும்பும் தொழில்’ கட்டுரை வந்தது. கால்நடை மருத்துவர் என்று எழுதினேன். இரண்டு கூடுதல் தாள் வாங்கினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இந்த மாதம் கோழி கொண்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். முன்பு ஞாயிறு என்றால் ஐந்து, ஆறு வரும். இன்று ஒன்றுதான், அதுவும் மெஹராஜ் அக்கா. வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். அத்தா அறுத்து முடித்துப் பையில் போட்டதும், “நல்லா அறுத்தீங்க மோதினார்” என்றார். அவர் பார்க்கவே இல்லை. அது நல்லாவும் இல்லை. பெரியவர்கள் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள்?

அக்டோபர் 6, ஞாயிறு

ஜமாத் தலைவர் வீட்டில் அவர் மகள் ரிஸ்வானா அக்காவுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. ஜைத்தூன் மாமி, அதாவது தலைவரின் மனைவி, தெரு முழுவதற்கும் கற்கண்டு கொடுத்து அனுப்பினார். பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் வளர்ந்த கருங்கோழியில் சாறு வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். “அவ வீட்டுக் கருப்பி நம்ம வாசலுக்குத்தான் வரும், பாரு” என்றார் அம்மா. சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கை வலிக்க வலிக்க எழுதுகிறேன். எதையும் விடக் கூடாது.

காலை பதினொரு மணிக்கு ஜைத்தூன் மாமி கருப்பியோடு வந்தார். “பச்சப் புள்ளயக் குளிப்பாட்டணும், நான் நிக்க முடியாது. அறுத்து மஹ்மூதாகிட்டக் குடுத்து விடுங்க மோதினார்” என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு உடனே போய்விட்டார். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். அத்தா என்னைப் பிடிக்கச் சொன்னார். இதுவரை நான் பிடித்ததில்லை. துணி சுற்றலாம் என்றேன். “பாங்குக்கு நேரமாச்சு” என்றார்.

ஒரு கையில் கால், ஒரு கையில் இறக்கை. கருப்பியின் வயிறு என் மணிக்கட்டில் சூடாக இருந்தது. அத்தா கத்தியைக் கழுத்தில் வைத்தார். கத்தி அங்கே நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தது. பிஸ்மில்லாஹ் சொன்னார், இழுத்தார். கோழி உதறியது. என் கையிலிருந்து வழுக்கிவிட்டது. பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

இரண்டு முறை இறக்கை அடித்தது. தலை உள்ளே போய்விட்டது. அத்தா கையை விட்டுத் தேடினார். தண்ணீர் சிவப்பாகிவிட்டது. கை அங்குமிங்கும் ஆடியதே தவிர எதையும் பிடிக்கவில்லை. நான் மரம் போல நின்றேன். அவர் வெளியே எடுத்தபோது கருப்பி நனைந்த துணி போலத் தொங்கியது. அத்தா அதன் கழுத்தில் இன்னொரு முறை கத்தியை ஓட்டினார். இரத்தம் பீய்ச்சவில்லை. தண்ணீரும் இரத்தமுமாகக் கொஞ்சம் வடிந்தது.

எனக்குத் தெரியும். அத்தாவுக்கும் தெரியும்.

“அம்மாகிட்ட வெந்நி வாங்கிட்டு வா” என்றார்.

அத்தா யார் கோழிக்கும் இறகு பிடுங்கிக் கொடுத்ததில்லை. இன்று பிடுங்கினார். வெந்நீரில் முக்கிய இறகின் வாடை, நனைந்த சாக்கும் இரும்புத் துருவும் சேர்ந்தது போல, இப்போதும் மூக்கில் இருக்கிறது. அவர் விரலுக்கு இறகு சிக்கவில்லை. தோல் தோலாக வந்தது. ஒரு வாளியில் போட்டு மூடி, “மாமிகிட்டக் குடுத்துட்டு வா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கை கால் கழுவிக்கொண்டு பாங்கு சொல்லப் போய்விட்டார்.

நான் மாவு மில் வரை நடந்தேன். ஒரு வாரப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் இதைக் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அஜரத் சொன்னது நினைவுக்கு வந்தது. கொடுக்கவில்லை என்றால் தலைவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தால் அத்தா மோதினார் இல்லை, எங்களுக்கு வீடு இல்லை. மில்லுக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் அத்தாவின் மதிய லுஹர் பாங்கைக் கேட்டேன். புது மைக்கிலும் சத்தம் தேய்ந்துதான் வந்தது. வாளி கனத்தது. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

“அம்மா, இது தொட்டில விழுந்து செத்துருச்சு. அதுக்கப்புறம் அறுத்தாங்க.”

அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். துவைத்த கையை முந்தானையில் துடைத்தார். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, எனக்குச் சொல்வது போலவே இல்லாமல் சொன்னார்.

“கை நிக்க மாட்டேங்குது அவருக்கு. நோன்புக்கு முன்னாடியே தேனில போயிப் பாத்துட்டோம். நரம்பு வியாதியாம். மாத்திரை சாப்புட்டா கொஞ்சம் நிக்கும், நாளாக நாளாக அதுவும் கேக்காதுன்னாரு டாக்டரு. குரலும் போகுமாம்.”

செப்டம்பர் 10 அன்று அத்தாவைப் பற்றி எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

“நம்ம கோழி ஒண்ணு குடுப்போம்” என்றார் அம்மா. “ஒரு ஆம்பள வரட்டும்.”

“எல்லாரும் தொழுகைக்குப் போயிட்டாங்க. அவங்க சாறுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் அறுக்குறேன்.”

“நீயா? எவளாவது பாத்தா என்ன பேசுவா?”

“சட்டத்துல தடை இல்லம்மா. அஜரத் சொன்னாரு.”

“சட்டம் சொல்லும்டி. கத்தி பிடிக்கப் போறது யாரு, நீதான? வாந்தி எடுப்ப.”

“எடுத்தா எடுக்குறேன்.”

அம்மா கூட்டிலிருந்து சாம்பல் புள்ளிக் கோழியைப் பிடித்தார். மற்றவை பார்க்காதபடி வீட்டின் மறுபக்கம் போனோம். பழைய துண்டில் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றினேன். கையேடு பொய் சொல்லவில்லை, அது அமைதியாகிவிட்டது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அம்மா, தொழும் திசையான கிப்லாப் பக்கமாகப் பிடித்தார். கழுத்து இறகை ஒதுக்கி விரலால் தடவினேன். மூச்சுக்குழல் பென்சில் போல உருண்டது. அதற்கு இரண்டு பக்கமும் துடிப்பு. பிஸ்மில்லாஹ், அல்லாஹு அக்பர் என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. இழுத்தேன்.

தோல் ஒரு நொடி எதிர்த்தது. பிறகு ஒன்றுமே எதிர்க்கவில்லை. கத்தி கோழிக்குள் போகிறது என்றே தெரியாதபடி போனது. சூடான இரத்தம் மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக் கைக்குள் ஏறியது. பதினொன்று எண்ணுவதற்குள் கண் பாதி மூடியது. அம்மா அழுத்திப் பிடித்திருந்தார். இருபத்தெட்டில் எல்லாம் நின்றது.

இது நல்ல அறுப்பு. அத்தாவின் எந்த அறுப்பையும்விட நல்ல அறுப்பு. அப்படியும் எனக்குக் குடலைப் பிரட்டியது. இன்னும் பிரட்டுகிறது. என் கை துளிகூட ஆடவில்லை என்பதை நினைத்தால் அதிகமாகப் பிரட்டுகிறது.

அம்மா வயிற்றைக் கீறியபோது உள்ளே முட்டைக் கருக்கள் சரமாக இருந்தன. பெரியது, அதைவிடச் சிறியது, கடைசியில் கடுகளவு. நாளைக்கு ஒன்று, மறுநாளுக்கு ஒன்று என்று வரிசையில் காத்திருந்தவை. அப்போதுதான் வாந்தி எடுத்தேன். அம்மா என் முதுகைத் தடவினார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

வாளியில் போட்டுத் தலைவர் வீட்டுக்குக் கொண்டு போனேன். ஜைத்தூன் மாமி வாளியைத் திறந்து, பார்த்தவுடனே சொன்னார். “இது எங்க கருப்பி இல்லையே. கருப்பிக்குக் காலு ஈயம் மாதிரி இருக்கும். இது மஞ்சக் காலு. யாரு கோழிடி இது?”

காலை வெட்டிவிட்டு எடுத்து வந்திருக்க வேண்டும். அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கோழி வளர்ப்பவள் காலைப் பார்த்துக் கோழியைச் சொல்லிவிடுவாள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன!

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, வெந்நீர், மஞ்சள் கால், நான் அறுத்தது. ஒரே மூச்சில் சொன்னேன். “அத்தாவ வேலைய விட்டுத் தூக்காதீங்க மாமி” என்றும் சொன்னேன்.

மாமி என்னைத் திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு வாசனை வந்தது. மிளகும் இஞ்சியும் சேர்ந்து கோழிச்சாறு கொதிக்கிற வாசனை. அடுப்பில் பெரிய சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு கொதித்தது.

“அடுப்புல என்ன மாமி?”

மாமி அடுப்பைத் தணித்தார்.

“என்ன மாமி?”

“என் தம்பி உத்தமபாளையத்துல அறுத்து, காலையிலேயே குடுத்து விட்டுட்டான்.”

“அப்ப கருப்பிய எதுக்குக் கொண்டு வந்தீங்க?”

“தலைவர் வீட்டுல புள்ள பொறந்து, ஒரு கோழிகூட மோதினார் வீட்டுக்குப் போகலன்னா அவரு மனசு என்னாகும்? தெருவே மாறிப் போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிராதா?” குரலைத் தாழ்த்தினார். “அவரு அறுத்தத நாங்க திங்கிறது இல்ல புள்ள. மூணு, நாலு மாசமாவே. சந்தேகமா இருந்துச்சு. மெஹராஜும் அப்படித்தான், மில்லுக்காரியும் அப்படித்தான். கொண்டு வந்து கொல்லையில புதைச்சிருவோம். பாவம், நல்ல மனுசன். முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?”

குமிழி விட்ட சிவப்புக் கோழி. தொண்ணூற்று நான்கு எண்ணிய சேவல். தொட்டிக்குள் கருப்பி. ஒன்றையும் யாரும் தின்னவில்லை. அத்தா மனசு நோகக் கூடாது என்பதற்காகக் கோழிகள் அப்படிச் செத்தன. அதற்குத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்களா?

“நீங்க பாக்கவே இல்ல” என்று கத்தினேன். இந்த முறை உண்மையிலேயே கத்தினேன். உள்ளே பிள்ளை விழித்து அழுதது. “ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா கொண்டு வந்திருக்க மாட்டீங்க. சீ!”

தலைவர் மனைவியைப் பார்த்துச் சீ என்று சொல்லிவிட்டேன். மாமியின் கண்ணில் தண்ணீர். அப்படியே வாளியைக் கையில் எடுத்தார்.

“பேரு சொல்லித்தான அறுத்த?”

“சொன்னேன்.”

“ஒரே இழுப்பா?”

“ஒரே இழுப்பு. இதப் புதைக்கக் கூடாது மாமி. எங்க கோழி முட்டை விட்டுக்கிட்டு இருந்துச்சு.”

“புதைக்க மாட்டேன்” என்றார்.

அக்டோபர் 14, திங்கள்

நேற்று கோழி வழுக்கியது என்று எழுதினேன். வழுக்கவில்லை. அத்தா கத்தியை வைத்தபோது நான் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். பிடி தளர்ந்தது. அதனால்தான் விழுந்தது.

மாமியைப் பார்த்துச் சீ சொன்னபோது இது எனக்குத் தெரியும்.

அக்டோபர் 16, புதன்

அத்தாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா சொல்லக் கூடாது என்றார். ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி ஒருவர் மரியாதைக்காக ஒரு கோழியைக் கொண்டு வருவார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அத்தா பள்ளிவாசல் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

“அத்தா, நீங்க அறுக்குறத யாரும் சாப்புடுறது இல்ல. புதைச்சிடுறாங்க.”

துடைப்பம் நின்றது. கை மட்டும் நிற்கவில்லை.

“எல்லாரும் சேந்தா?”

“ஆமாத்தா.”

“எத்தன கோழி?”

“எனக்குத் தெரிஞ்சு ஏழு.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கப் பார்த்தார். இரண்டு முறை விழுந்தது. நான் எடுத்துச் சாய்த்தேன். “அன்னைக்கு ஒன்னையப் பிடிக்கச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். நான் கண்ணை மூடியதைச் சொன்னேன். “பாத்தேன்” என்றார். “நான் மட்டும் என்னா, நாலு மாசமா மூடிக்கிட்டுத்தான் அறுத்தேன்.”

பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து, அவராகவே தலைவர் வீட்டுக்குப் போனார்.

அக்டோபர் 18, வெள்ளி

கம்பத்திலிருந்து ஒருவர் வந்து பாங்கு சொன்னார். கணீரென்று கடைத்தெரு வரை கேட்டிருக்கும். அத்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டு அம்மா சொன்னார். வீடு ஆண்டுத் தேர்வு முடியும் வரை எங்களுக்கு. அதற்குப் பிறகு ஜமாத்தில் பேசுவார்களாம். அத்தா பள்ளிவாசலைத் திறந்து பூட்டுவார், கூட்டுவார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தாவுக்குக் கரண்டி வைத்தேன். தாடியில் ஒட்டிய பருக்கையை நான் எடுத்துவிட்டேன். கூசியது. எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் ஜைத்தூன் மாமி ஒரு வெள்ளைக் கோழியோடு வாசலில் நின்றார். பின்னால் மெஹராஜ் அக்கா, அவர் கையிலும் ஒன்று. நான் அத்தாவைக் கூப்பிடப் போனேன்.

“அவர இல்ல” என்றார் மாமி. “நீ அறுத்துக் குடு.”

“நான் படிக்கணும் மாமி.”

“பத்து நிமிசம்டி. அன்னைக்கு நீ அறுத்த கோழி என்னா பக்குவமா இருந்துச்சு தெரியுமா? ரிஸ்வானா ரெண்டு கோப்பை குடிச்சா.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் மாட்டேன் என்றால் அந்தக் கோழி வேறு எவருடைய மொன்னைக் கத்திக்காவது போகும். அம்மா வாசற்படியில் நின்றார். அத்தா உள்ளே கட்டிலில் இருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரி. ஆனா நீங்கதான் பிடிக்கணும்” என்றேன்.

“யாரு?”

“அவங்கவங்க கோழிய அவங்கவங்க. இனிமே எல்லாரும் அப்படித்தான்.”

“அல்லாவே, எனக்கு இரத்தத்தப் பாத்தா மயக்கம் வரும்” என்றார் மெஹராஜ் அக்கா.

“அப்ப முருங்கக்காய்க் கொழம்பு வைங்க.”

அக்கா கோழியோடு திரும்பிப் போய்விட்டார். மாமி போகவில்லை. என்னை முறைத்தார், கொல்லைக்கு நடந்தார். துண்டை எப்படிச் சுற்றுவது என்று காட்டினேன். சுற்றினார். வெள்ளைக் கோழி கழுத்தை நீட்டி அவர் முகத்தைப் பார்த்தது. தினமும் அதற்கு இரை போடுகிற முகம். மாமி மெதுவாகத் தலையை மறுபக்கம் திருப்பினார்.

“திரும்பாதீங்க மாமி. பிடி தளந்துரும்.”

“முடியலடி.”

“எனக்கும்தான் முடியல. பாருங்க.”

மாமி பார்த்தார். நான் பேரைச் சொல்லி அறுத்தேன். “யா அல்லா” என்று மாமியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கோழியிடமிருந்து வரவில்லை. இரத்தம் அவர் வளையல்களில் ஏறியது. இறக்கை துண்டுக்குள் பலமாக அடித்தது. மாமி உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துக் கோழியைப் பார்த்தார், பிடியையும் விடவில்லை. பதினைந்து எண்ணினேன். இருபது.

“முடிஞ்சிருச்சா? எடுக்கலாமா கைய? சோப்பு எங்க இருக்கு?”

“இருங்க மாமி. இன்னும் அடங்கல.”